தமிழ்த் திருமறையில் ஆட்பெயர்கள்: ஒரு திறனாய்வு

திருமறை மொழிபெயர்ப்பைத் திறனாய்வோர் சொல்லாட்சியையும் தொடரமைப்பையும் இறையியற் கலைச்சொற்களையும் நுணுகி ஆராய்வது வழக்கம். 'கிருபை' என்பதா 'அருள்' என்பதா, 'ஞானஸ்நானம்' என்பதா 'திருமுழுக்கு' என்பதா என்று நாம் நெடுங்காலமாக வழக்காடி வந்துள்ளோம். ஆட்பெயர்களோ அவ்வாராய்ச்சிக்கு உட்படாமல் தப்பிவிடுகின்றன. பெயருக்குப் பொருள் தேட வேண்டுவதில்லை, ஒலியைப் பெயர்த்தெழுதினால் போதும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் பிழையானது. ஒரு பெயரை எவ்வெழுத்தால் தொடங்குவது, எவ்விகுதியால் முடிப்பது, இருவர் ஒரே பெயரைத் தாங்கியிருந்தால் அவ்வொருமையைக் காட்டுவதா மறைப்பதா என்னும் முடிவுகள் யாவும் பொருள்கோளைச் சார்ந்தவையே. சில இடங்களில் அவை அம்மனிதரைப் பற்றிய தீர்ப்பாகவும் அமைந்துவிடுகின்றன.

ஹென்றி பவர் ஐயரின் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பே இன்றளவும் நம் ஆலயங்களில் பெரிதும் வாசிக்கப்படுவது. அதனை ஈண்டுப் 'பழைய மொழிபெயர்ப்பு' எனக் குறிப்போம். கத்தோலிக்கரும் நம்மவரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்டது பொது மொழிபெயர்ப்பு. இவ்விரண்டும் ஆட்பெயர்களைக் கையாண்ட முறையையும் அதனால் விளைந்த நன்மை தீமைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயர் கடந்து வந்த வழி

'யோவான்' என்னும் பெயரை முதற்கண் எடுத்துக்கொள்வோம். எபிரேயத்தில் அது 'யோஹானான்'. 'ஆண்டவர் அருள் புரிந்தார்' என்பது பொருள். கிரேக்கம் பேசியோர் அதனை 'இயோவான்னேஸ்' என்றனர். இலத்தீன் வழியாக மேலைநாடுகளில் பரவிய அப்பெயர் செருமானியரிடையே யோஹான், ஹான்ஸ் எனவும், பிரெஞ்சில் ழான் எனவும், இசுப்பானியத்தில் ஹுவான் எனவும், இத்தாலியத்தில் ஜொவான்னி எனவும், ஆங்கிலத்தில் ஜான் எனவும் உருமாறியது. உருசியர் இவான் என்றனர். சீரிய மரபில் நின்ற மலையாளத் திருச்சபைகள் யோஹன்னான் என வழங்கின. தமிழ்க் கத்தோலிக்கர் ஒலியை விடுத்துப் பொருளைப் பற்றிக்கொண்டு 'அருளப்பர்' என்றனர்.

நம் சபையாருள் 'ஜான்' என்பதே மூலப்பெயர் என்றும் 'யோவான்' அதன் தமிழ்த் திரிபு என்றும் எண்ணுவோர் பலர். உண்மை இதற்கு நேர்மாறானது. இப்பெயரின் முதலில் ஜகர ஒலி எபிரேயத்திலும் இல்லை, கிரேக்கத்திலும் இல்லை. இலத்தீன் நெடுங்கணக்கில் இகரத்திற்கும் ஜகரத்திற்கும் தனித்தனி எழுத்து வேண்டும் என்று இத்தாலிய அறிஞர் திரிசினோ முன்மொழிந்ததே 1524இல்தான். 1611இல் அச்சான ஆங்கிலத் திருமறையின் முதற்பதிப்பிலும் இயேசு, யோவான் ஆகிய பெயர்கள் ஆங்கில ஐகார எழுத்தைக் கொண்டே தொடங்கின. எபிரேயப் பெயரின் முதலில் நிற்கும் யகரத்தையும் இறுதியில் நிற்கும் னகரத்தையும் தமிழின் 'யோவான்' ஒருங்கே காத்து நிற்கின்றது.

நம் ஆண்டவருடைய திருப்பெயரும் இவ்வழியே வந்தது. 'யெஹோஷுவா' என்பது சுருங்கி 'யேஷுவா' ஆயிற்று. கிரேக்கத்தில் ஷகர ஒலி இல்லாமையால் அது ஸகரமாயிற்று. ஈற்று அகரம் வீழ்ந்து, ஆண்பால் எழுவாய்க்குரிய ஸகர ஒற்று வந்து சேர, 'இயேசூஸ்' என நின்றது. தமிழர் அவ்வேற்றுமை ஒற்றை நீக்கி 'இயேசு' என்றனர். போர்த்துக்கீசியர் வழியாகப் பெற்ற கத்தோலிக்கர் 'சேசு' என்றனர். நாசரேத்தூரில் மரியாள் தம் மகனை அழைத்த ஒலி இவ்விரண்டில் எதுவுமன்று.

இதனால் பெறப்படுவது யாது? ஆண்டவருடைய பெயரே மொழிதோறும் உருமாற இசைந்திருக்க, எந்தவோர் எழுத்து வடிவமும் தன்னளவில் தூய்மை கொண்டாட இயலாது. நற்செய்தி மொழிபெயர்ப்பிற்குத் தன்னை ஒப்புக்கொடுத்த செய்தி. ஆயின் எவ்வடிவமும் புனிதமன்று என்பதால் எவ்வடிவமும் ஒன்றே என்றாகிவிடாது. வடிவங்கள் சிலவற்றைக் காட்டுகின்றன, சிலவற்றை மறைக்கின்றன.

2. முதல் நூற்றாண்டில் செல்வாக்குப் பெற்ற பெயர்கள்

புதிய ஏற்பாட்டை வாசிப்போர் அதிலே ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு மயங்குவதுண்டு. சீமோன் பேதுரு, செலோத்தே எனப்பட்ட சீமோன், ஆண்டவரின் சகோதரனாகிய சீமோன், தொழுநோயுற்றிருந்த சீமோன், பரிசேயனாகிய சீமோன், சிரேனே ஊரானாகிய சீமோன், யூதாஸின் தந்தை சீமோன், மாயவித்தைக்காரனாகிய சீமோன், யோப்பா பட்டணத்துத் தோல் பதனிடும் சீமோன் என எண்ணினால் ஒன்பதின்மர் ஆகின்றனர். ஆண்டவரின் சிலுவையருகே நின்ற பெண்களுள்ளும் மரியாள் என்னும் பெயருடையோர் பலர்.

இது நூலாசிரியர்களின் கற்பனைக் குறைவன்று. தால் இலான் என்னும் அம்மையார், கி.மு. 330 முதல் கி.பி. 200 வரையிலான காலத்துப் பாலஸ்தீன யூதப் பெயர்களைக் கல்லெழுத்துகளிலிருந்தும் எலும்புப் பேழைகளிலிருந்தும் நூல்களிலிருந்தும் தொகுத்து 2002இல் வெளியிட்டார். அத்தொகுப்பைக் கொண்டு ரிச்சர்டு பாக்கம் 2006இல் வெளியிட்ட நூலில், ஆண்களுள் சீமோன், யோசேப்பு என்னும் இரு பெயர்களே முன்னின்றன என்றும், பெண்களுள் மரியாள், சலோமே என்னும் இரண்டு பெயர்களைத் தாங்கியோர் நான்கில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் என்றும் எடுத்துக்காட்டினார். நற்செய்தி நூல்களில் காணும் பெயர்களின் விகிதமும் இதனோடு இயைகின்றது.

இப்பெயர்கள் ஏன் இத்துணைச் செல்வாக்குப் பெற்றன? ஆண்பெயர்களுள் சிறந்து நின்றவை யோவான், சீமோன், யூதா, எலெயாசார், யோனத்தான், மத்தத்தியா. இவை அந்நிய ஆட்சியை எதிர்த்தெழுந்த மக்கபேயர் குடும்பத்துத் தந்தை, மைந்தர் ஆகியோரின் பெயர்கள் என்பதை உணரும்போது விடை விளங்கிவிடும். உரோமை ஆட்சியின்கீழ் தன் மகனுக்கு யூதா என்று பெயரிட்ட தந்தை வாய்திறந்து கூற இயலாத ஒரு நம்பிக்கையை அப்பெயரில் பொதிந்து வைத்தான். சீமோன் என்னும் பெயருக்குப் பிறிதொரு வசதியும் இருந்தது. எபிரேயச் சிமியோனுக்கு ஒலியால் நெருங்கிய அது கிரேக்கர்க்கும் உரிய இயற்பெயராகும். இருமொழிச் சூழலில் வாழ்வோர் இரு பக்கத்தும் செல்லுபடியாகும் பெயரை நாடுவது அன்றும் இருந்தது, இன்றும் உள்ளது.

பன்னிருவருள் சீமோன் இருவர், யாக்கோபு இருவர், யூதா இருவர். ஆண்டவர் தெரிந்துகொண்ட சீடர் அரிய பெயர் தாங்கிய அரிய மனிதரல்லர். தெருவில் நின்று கூப்பிட்டால் பலர் திரும்பிப் பார்க்கும் பெயர்களை உடையவர்கள் அவர்கள். தந்தை பெயர், ஊர்ப்பெயர், தொழிற்பெயர், பட்டப்பெயர் ஆகியவற்றைச் சேர்த்தே அவர்களை வேறுபடுத்த வேண்டியிருந்தது.

3. யூதாவும் யூதாஸும்

இப்பின்னணியில் நோக்குங்கால், பழைய மொழிபெயர்ப்பின் ஒரு பழக்கம் நம் கருத்தை ஈர்க்கின்றது. கிரேக்க மூலத்தில் யாக்கோபின் குமாரனாகிய குலமுதல்வன், ஆண்டவரின் சகோதரன், பன்னிருவருள் இரண்டாமவன், காட்டிக்கொடுத்தவன் ஆகிய நால்வர்க்கும் பெயர் ஒன்றே, அது 'இயூதாஸ்'. தமிழில் முன்னைய மூவரும் 'யூதா' ஆயினர். காட்டிக்கொடுத்தவன் மட்டும் 'யூதாஸ்' ஆனான். பொது மொழிபெயர்ப்பும் கிரந்த எழுத்தை நீக்கி 'யூதாசு' என்றெழுதியதேயன்றி இப்பாகுபாட்டை நீக்கவில்லை.

இந்த ஸகரம் எங்கிருந்து வந்தது? அது முன்னர்க் கூறிய எழுவாய் ஒற்றேயாகும். தோமா, லூக்கா, அந்திரேயா, பர்னபா, சீலா, கேபா ஆகிய பெயர்கள் எல்லாவற்றிலும் கிரேக்கத்தில் அவ்வொற்று உண்டு. தமிழாக்கியோர் அவற்றிலெல்லாம் அதனைக் களைந்தனர். அது எஞ்சி நிற்பது யூதாஸ், பரபாஸ் போன்ற மிகச் சிலரிடத்தில்தான். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றே இவ்வாறு செய்தனர் என நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஆங்கிலத் திருமறையும் இப்பெயரை மூன்று வடிவங்களாகப் பிரித்து வழங்கியது. எனினும் விளைவு ஒன்றே. வாசிப்பவன் கதையை அறியுமுன்னே, எழுத்து இவனை வேறாக்கி நிறுத்திவிடுகின்றது.

இப்பாகுபாட்டால் ஒரு நன்மை உண்டு என்பதை மறுக்கலாகாது. யூதாஸின் பெயரையும் யூத மக்களின் பெயரையும் ஒன்றாக்கி, ஒருவனுடைய குற்றத்தை ஓர் இனத்தின்மேல் ஏற்றிய கொடுமை மேலைத் திருச்சபை வரலாற்றில் நெடிது தொடர்ந்தது. தமிழ் வடிவம் அவ்விணைப்பை ஓரளவு தளர்த்தியது. ஆயின் இழப்பும் சிறிதன்று. காட்டிக்கொடுத்தவன் பிறப்பிலேயே கறைபட்ட பெயரோடு வந்தவனல்லன். லேயாள் நன்றி நிறைந்தவளாய்த் தன் நான்காம் மகனுக்கு இட்ட பெயர், 'துதி' என்னும் பொருளோடு இயைந்த பெயர், விடுதலை வீரனின் பெயர், ஆண்டவர் தோன்றிய கோத்திரத்தின் பெயர் ஆகிய அதுவே இவனுடைய பெயரும் ஆகும். நல்ல பெயரும் நல்ல அழைப்பும் பெற்றவன் வீழ்ந்தான் என்பதே சுவிசேஷகர் நம்முன் வைக்கும் அச்சுறுத்தல். 'யூதாஸ்' என்று தனித்து எழுதும்போது அவன் நமக்கு அயலானாகின்றான், நாம் தப்பித்துக்கொள்கின்றோம்.

இதற்கு இணையான நிகழ்ச்சி ஒன்று கையெழுத்துப் படிகளின் வரலாற்றிலும் உண்டு. மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் விடுதலை பெறும் கள்ளனுடைய பெயர் சில படிகளில் 'இயேசு பரபாஸ்' என்று காணப்படுகின்றது. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிகன் இவ்வாசகத்தை அறிந்திருந்தார். பாவியான ஒருவனுக்கு அப்பெயர் பொருந்தாது என்று கருதினார். இயேசு என்பது அக்காலத்தில் பலர்க்கும் வழங்கிய பெயர். பிற்காலத்தார் பக்தியால் அதனை நீக்கியிருத்தல் கூடுமேயன்றிப் புதிதாகச் சேர்த்திருத்தல் அரிது என்பது பாடவாராய்ச்சியாளர் பலரின் முடிபு. 1989இல் வெளிவந்த ஆங்கிலத் திருந்திய புதிய பதிப்பு அப்பெயரை மீண்டும் வாசகத்தில் சேர்த்தது. அவ்வாசகத்தை ஏற்றால் பிலாத்துவின் வினா புதிய கூர்மை பெறுகின்றது: மக்கள் முன் நின்றவர் இருவர், பெயர் ஒன்று, எந்த இயேசுவை வேண்டுகிறோம் என்று அவர்கள் தெரிந்துரைக்க வேண்டும். காட்டிக்கொடுத்தவனுக்கு ஓர் எழுத்தைக் கூட்டியது போலவே, கள்ளனிடமிருந்து ஒரு பெயரைக் கழித்ததும் தீர்ப்பேயாகும்.

4. காத்த ஒருமையும் இழந்த ஒருமையும்

குறைகளையே கூறுதல் திறனாய்வன்று. பழைய மொழிபெயர்ப்பு சில இடங்களில் ஆங்கிலத் திருமறையை விஞ்சி நிற்கின்றது. இலத்தீனில் 'யாக்கோபுஸ்' என்றிருந்தது பிற்காலத்தில் 'யாக்கோமுஸ்' எனத் திரிந்து, பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் 'ஜேம்ஸ்' ஆயிற்று. ஆகவே ஆங்கில வாசகர்க்குப் பழைய ஏற்பாட்டில் ஜேக்கப், புதிய ஏற்பாட்டில் ஜேம்ஸ் என இரு வேறு பெயர்கள் நிற்கின்றன. தமிழில் இருவரும் யாக்கோபே. பன்னிரண்டு கோத்திரங்களுக்கு நிருபம் எழுதுபவர் யாக்கோபு என்னும்போது, பன்னிரண்டு மைந்தருக்கு ஆசியுரைத்த முதிய யாக்கோபு நம் நினைவில் எழுகின்றார். அந்நிருபத்தின் முதல் வசனத்தில் பொதிந்த இவ்வெதிரொலி ஆங்கிலத்தில் அவிந்துபோயிற்று, தமிழில் வாழ்கின்றது.

யோசேப்பும் அவ்வாறே. கனவு கண்டு எகிப்துக்குச் சென்ற யோசேப்பும், கனவில் எச்சரிக்கப்பட்டுக் குழந்தையோடு எகிப்துக்குச் சென்ற யோசேப்பும் தமிழில் ஒரே பெயரால் நிற்கின்றனர். போர்த்துக்கீசிய ஒலிவழி வந்த 'சூசை' இனிய பெயரேயாயினும் இத்தொடர்பைக் காட்டாது. பொது மொழிபெயர்ப்பில் இரு திருச்சபையாரும் யோசேப்பு, யோவான், பவுல் ஆகிய வடிவங்களை ஏற்றது ஒற்றுமைக்கு மட்டுமன்றிப் பொருளுக்கும் ஆக்கமாயிற்று. அருளப்பர், சின்னப்பர், முடியப்பர் என்னும் அழகிய பெயர்ப்புகள் வாசகத்திலிருந்து மறைந்தன. 'சிறியவன்' என்னும் பொருளுடைய பவுலைச் சின்னப்பர் என்றும், 'முடி' என்னும் பொருளுடைய ஸ்தேவானை முடியப்பர் என்றும் கண்ட அப்புலமையை நாம் மதிக்க வேண்டும். அதனை மக்கட்பெயர்களாகவேனும் காத்துக்கொள்ள வேண்டும்.

அப்போஸ்தலர் 7:45, எபிரெயர் 4:8 ஆகிய இடங்களில் 1611ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பு 'இயேசு' என்றெழுதி வாசகரைக் குழப்பியது. கிரேக்கத்தில் இருவர்க்கும் பெயர் ஒன்றேயாதலின் அது பிழையன்று. எனினும் அங்குச் சுட்டப்படுபவர் நூனின் குமாரனே. தமிழாக்கியோர் 'யோசுவா' என்று தெளிவுபட எழுதினர். இது நன்று. ஆயின் மக்களைக் கானானுக்குள் நடத்தியவரும் மெய்யான இளைப்பாறுதலுக்குள் நடத்துகிறவரும் ஒரே பெயர் உடையவர் என்பதை ஒரு குறிப்பேனும் உணர்த்தியிருத்தல் வேண்டும்.

முற்றிலும் இழந்த ஒருமை மிரியாமுடையது. மோசேயின் சகோதரி பழைய ஏற்பாட்டில் 'மிரியாம்'. ஆண்டவரின் தாய் புதிய ஏற்பாட்டில் 'மரியாள்'. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் முன்னவர்க்கு வழங்கும் 'மரியாம்' என்னும் அதே வடிவத்தைத்தான் லூக்கா பின்னவர்க்கும் வழங்குகின்றார். செங்கடற்கரையில் தம்புரோடு பாடிய மிரியாமுக்கும், வலியோரைத் தள்ளித் தாழ்ந்தோரை உயர்த்தும் ஆண்டவரைப் பாடிய மரியாளுக்கும் உள்ள உறவை நம் சபையார் அறியாதிருப்பதற்கு இவ்வெழுத்து வேறுபாடும் ஒரு காரணம்.

5. ஒரு ளகர மெய்

இனி நாம் கூறுவது இக்கட்டுரையின் தலையாய செய்தி. பழைய மொழிபெயர்ப்பு ஆகார ஈற்றுப் பெண்பெயர்களுக்கு 'ஆள்' என்னும் தமிழ் விகுதியைச் சேர்ப்பது அதன் இலக்கணம் போன்ற பழக்கம். ஏவாள், சாராள், லேயாள், அன்னாள், மார்த்தாள், லீதியாள் என்பன காண்க. ஆண்பெயர்களோ யூதா, தோமா, லூக்கா, ஆக்கில்லா என ஆகாரமாகவே நிற்கும். ஆகவே தமிழ் வாசகன் ஈற்றெழுத்தைக் கண்டவுடனே பாலை அறிந்துகொள்கின்றான். இது மிகச் சிறந்த ஏற்பாடாகும். பிழைபட்டால் மிகப் பெரிய கேடாகும்.

உரோமர் 16ஆம் அதிகாரத்தை எடுத்து நோக்குக. பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், யூலியாள் எனப் பெண்மக்கள் யாவரும் ளகர மெய்யால் முடிகின்றனர். ஏழாம் வசனத்தில் மட்டும் 'யூனியா' என்று நிற்கின்றது. ஆக்கில்லாவைப் போல் அப்பெயர் ஆணுக்குரியதாகவே ஒலிக்கின்றது. யார் இந்த யூனியா? பவுலுக்கு இனத்தவர், அவரோடு சிறைப்பட்டவர், அவருக்கு முன்னரே கிறிஸ்துவைச் சார்ந்தவர், அப்போஸ்தலருள் பெயர் பெற்றவர்.

கிரேக்க மூலத்தில் அப்பெயர் இரண்டாம் வேற்றுமையில் வருகின்றது. அவ்வேற்றுமையில் ஆண்பாலும் பெண்பாலும் எழுத்தளவில் ஒன்றே. ஒலியழுத்தக் குறி ஒன்றே அவற்றை வேறுபடுத்தும். மிகப் பழைய படிகளில் அக்குறி இடும் வழக்கம் இல்லை. ஆயின் யூனியா என்னும் பெண்பெயர் உரோமை நகரத்துக் கல்லெழுத்துகளில் 250 முறைக்கு மேல் காணப்படுகின்றது. 'யூனியாஸ்' என்னும் ஆண்பெயர் அக்கால ஆவணங்களில் ஓரிடத்தும் காணப்படவில்லை. 407இல் மறைந்த யோவான் கிறிசொஸ்தோம், கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்; அவர் யூனியாவைப் பெண்ணென்றே கொண்டு, அப்போஸ்தலர் என்னும் பெயருக்குத் தகுதி பெற்ற அவ்வம்மையாரின் ஞானத்தை வியந்து போற்றினார். பிற்காலத்தில்தான் அவர் ஆணாக்கப்பட்டார். லூத்தரின் செருமானியத் திருமறை அவரை ஆணாகக் கொண்டது. நெஸ்லே பதிப்பித்த கிரேக்கப் புதிய ஏற்பாடு 1927இல் ஆண்பாற் குறியை இட்டது. 1946ஆம் ஆண்டு ஆங்கிலத் திருந்திய பதிப்பு 'யூனியாஸ்' என்றெழுதியதோடு 'ஆடவர்' என்னும் சொல்லையும் சேர்த்தது.

இவ்வாறு செய்தோரின் வாதம் யாது? அப்போஸ்தலருள் ஒருவர் பெண்ணாயிருத்தல் இயலாது. ஆகவே இவர் பெண்ணல்லர் என்பதே. பெயரைக் கொண்டு ஆளை அறிவதற்கு மாறாக, ஆள் இன்னவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து பெயரைத் திருத்தினர். 1977இல் பெர்நதெத் புரூட்டன் இதனை எடுத்துக்காட்டிய பின்னர் அறிஞர் கருத்து மாறலாயிற்று. 1998இல் அக்கிரேக்கப் பதிப்பே பெண்பாற் குறிக்குத் திரும்பியது. 2005இல் எல்டன் எப் இவ்வரலாறு முழுவதையும் தனி நூலாக வரைந்தார். அப்போஸ்தலருள் சிறந்தவரா, அப்போஸ்தலரால் நன்கறியப்பட்டவரா என்று சொற்றொடரைக் குறித்துச் சிலர் 2001 முதல் வழக்காடியதுண்டு. கிறிசொஸ்தோம் முதலிய கிரேக்கத் தந்தையர் முன்னைய பொருளையே கொண்டனர் என்பது நமக்குப் போதுமான சான்று. அவர் பெண் என்பதிலோ இன்று பெரும்பான்மையான அறிஞர்க்கு ஐயமில்லை.

பொது மொழிபெயர்ப்பு மரியா, மார்த்தா என விகுதி நீங்கிய வடிவங்களை ஏற்றுள்ளமையால், அதில் யூனியா என்னும் வடிவம் பாலைக் காட்டுவதுமில்லை, மறைப்பதுமில்லை. பழைய மொழிபெயர்ப்பிலோ அவ்வடிவம் மறைக்கின்றது. அதனை வாசிக்கும் சபைகளே நம்மில் மிகுதி. தென்னிந்தியத் திருச்சபை 2013இல் நந்தியால் பேராயத்திற்குப் பெண்மணி ஒருவரைப் பேராயராகத் திருநிலைப்படுத்தியது. எனினும் 'அப்போஸ்தலருள் பெண் உண்டோ' என்னும் வினா நம் குருசேகரங்களில் ஓய்ந்தபாடில்லை. இறையியற் கல்லூரியில் பயின்று வெளிவரும் பெண் ஊழியர் அவ்வினாவை எதிர்கொண்டே ஊழியத்தைத் தொடங்குகின்றனர். அதற்குரிய விடை திருமறையிலேயே இருக்க, ஒரு ளகர மெய் விடுபட்டமையால் அது நம் மக்கள் கண்ணுக்குப் படாமற்போயிற்று. 'யூனியாள்' என்று எழுதுவது புதுமை புகுத்துவதன்று. பழைய மொழிபெயர்ப்பு தனக்குத் தானே வகுத்துக்கொண்ட நெறியை அதன்மேலேயே செலுத்துவதாகும்.

6. பொருள் மறையும் இடமும் நம் பதிவேடுகளும்

சில வாசகங்களில் பெயரின் பொருளை அறியாவிடில் வாசகமே விளங்காது. ஒநேசிமு என்பதற்குப் 'பயனுள்ளவன்' என்பது பொருள். அடிமைகளுக்கு இடப்பட்ட பெயர்களுள் அது ஒன்று. முன்னே பயனற்றவன் இப்போது பயனுள்ளவன் எனப் பவுல் பிலேமோனுக்கு எழுதுவது அப்பெயரை வைத்தே. அடிமைக்குரிய அப்பெயரைத் தாங்கியவனை அவர் பிரியமான சகோதரன் என்கின்றார். ஆண்டவர் கூறிய உவமைகளுள் பெயர் பெற்ற ஏழை ஒருவனே, லாசரு. எலெயாசார் என்பதன் சுருக்கமாகிய அதன் பொருள் 'கடவுள் உதவினார்' என்பது. செல்வன் உதவாத அந்த ஏழைக்கு உதவியவர் யார் என்பதைப் பெயரே கூறிவிடுகின்றது. இத்தகைய இடங்களில் அடிக்குறிப்பு அணியன்று, கடமை.

லாசரு என்னும் பெயரின் பொருளைத் தமிழ் மண் ஒருமுறை முழுமையாகக் கேட்டது. 1745இல் நீலகண்டப் பிள்ளை திருமுழுக்குப் பெற்றபோது ஏற்ற பெயர் லாசரு. அதன் தமிழாக்கமே தேவசகாயம். 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே கொல்லப்பட்ட அவர் 2022இல் உரோமைத் திருச்சபையால் புனிதராக அறிவிக்கப்பட்டார். தேவசகாயம் என்னும் பெயரோ அதற்கு நெடுங்காலம் முன்பே திருச்சபை வேலிகளைத் தாண்டி நம்மவரிடையேயும் பரவிவிட்டது. பொருளால் பெயர்க்கப்பட்ட பெயர் எத்துணை ஆழமாக வேரூன்றும் என்பதற்கு இது சான்று.

இன்றைய நம் திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டுவோமாயின் யாக்கோபு, ஜேக்கப், ஜேம்ஸ், சந்தியாகு, யாகப்பன் ஆகிய ஐந்தும் ஒரே பெயரென்று அறியாமலே நாம் எழுதி வருவது தெரியும். அதனால் கேடில்லை. பாஸ்க்கு மொழியில் 'புதிய வீடு' எனப் பொருள்படும் ஓர் ஊர்ப்பெயர் சவேரியார் வழியாகச் சவரிமுத்து ஆனதும் பெயர்களின் இயல்பே. நாம் கவலையுறுவது வேறொன்றைக் குறித்து. எண்கணிதம் கூறுவோர் சொற்கேட்டு, நற்பயன் விளையுமென நம்பி, குழந்தையின் பெயரில் ஆங்கில எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் எழுதுவோர் நம் சபைகளிலும் உளர். எழுத்தின் எண்ணிக்கையில் வாழ்வு அடங்கியுள்ளது என்னும் அச்சத்தை, பெயர் சொல்லி அழைக்கும் மேய்ப்பரில் நம்பிக்கை கொண்டோர் ஏற்பது தகுமோ? ஒடுக்கப்பட்டோர்க்கு மதிப்புடைய பெயரே மறுக்கப்பட்ட ஊர்களில், திருமுழுக்கு அவர்களுக்கு ஞானசிகாமணி என்றும் தேவசகாயம் என்றும் பெயர் அளித்தது. பெயரிடுதல் அன்று விடுதலைச் செயலாயிருந்தது. அதனை நற்பேற்றுக் கணக்காக்குவது அம்மரபை இழிவுபடுத்துவதாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று நெறிகள் பெறப்படும். ஒன்று, மூல ஆசிரியர் ஒரே பெயராக எழுதியதை மொழிபெயர்ப்பு தக்க காரணமின்றிப் பிரித்தலாகாது. தெளிவு கருதிப் பிரிக்க நேர்ந்தால் குறிப்பு வேண்டும். இரண்டு, எழுத்தின் வாயிலாக ஒருவரைப் புகழ்தலோ பழித்தலோ பால் மாற்றுதலோ கூடாது. தீர்ப்பை நிகழ்ச்சியே உரைக்கட்டும். மூன்று, பெயரின் பொருள் வாசகத்தைத் தாங்கி நிற்கும் இடத்தில் அப்பொருளை வாசகனுக்கு மறைத்தலாகாது.

திருமறைப் பதிப்பைத் திருத்துவது கழகங்களின் பணி. அதற்குக் காலம் செல்லும். திருமறையை வாசித்து விளக்குவது நம் பணி. அதற்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. உரோமர் 16ஆம் அதிகாரம் வெறும் பெயர்ப்பட்டியல் என்று கருதி மறையுரைக்கு ஒதுக்கிவிடுவது ஆயரிடையே பரவலான வழக்கம். அவ்வதிகாரத்தையே ஓர் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள பெண்மக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூறி, ஏழாம் வசனத்தில் 'யூனியாள்' என்று வாசிக்க மாணவரும் ஆயரும் முன்வருவாராக. அவ்வம்மையார் பவுலோடு சிறையிருந்தவர். அவர்க்குரிய எழுத்தை அவர்க்குத் திருப்பி அளிப்பதற்கு நமக்குத் தேவைப்படுவது நாவின் ஓரசைவு மட்டுமே.